பதினாலு சேலைக்கு ஒரு தீக்குச்சி

பானுப்பிரியாவுக்கு உலகம் முழுக்க வாசகர்கள் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று பேர். துபாயில் ஏழு, சிங்கப்பூரில் நாலு, அமெரிக்கக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒரு பொறியாளரின் மனைவி. எந்தப் பதிவு வந்தாலும் முதல் ஆளாக ஓடிவந்து 'மீ த பர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, பதிவை வாசிக்காமலேயே திரும்பிப் போகும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். மிச்சமெல்லாம் பெயர் சொல்லாத அனானிகள். அவளுடைய வலைப்பூவின் பெயர் 'கட்டம் போட்ட சேலை'. 2009-இல் தமிழில் வலைப்பூ எழுதியவர்களில் பாதிப் பேர் கவிதை எழுதினார்கள், மீதிப் பேர் அந்தக் கவிதைகளைத் திட்டி எழுதினார்கள். சேலை, ரவிக்கை, வளையல் என்று எழுத ஆளில்லை. அதனால் இருபத்தைந்து வயதில் அவள் நட்சத்திரமாகிவிட்டாள்.

பகலில் அந்த நட்சத்திரம் திருத்தங்கல்லில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தது. ஊரையே உலுக்கும் வெடி உள்ளே இருக்கும் பெட்டியின் மேல், பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண்ணை நிறுத்தி, அவளுக்குப் பச்சைச் சேலையா மாம்பழ மஞ்சளா என்று முடிவு செய்வது பானுவின் வேலை. ஐந்து வருஷமாக லேபிள் பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டதில் கை தேர்ந்து, உயிருள்ள பெண்களுக்கும் யோசனை சொல்லலாம் என்று தோன்றியதுதான் வலைப்பூவின் பிறப்பு. முதலாளி ரத்தினசாமிக்கு இது தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் அவர் ஆர்டர் கணக்கில் சேர்த்துப் பூரித்துப்போனார்.

நாற்பத்து மூன்று பேரும் கணக்கில் வந்தவர்கள். கணக்கில் வராத வாசகிகள் வேறு இடத்தில் இருந்தார்கள். பானுவின் அம்மா சோலையம்மாள் சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். காலையில் கம்பெனி வேன் வரும். அதில் முப்பது பெண்கள். ஒருத்தி வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. பானு, அச்சகத்தில் வீணாய்ப்போன லேபிள் தாளின் பின்பக்கத்தில் தன் பதிவுகளை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். வேனில் ரோஜா என்ற பெண் அதை உரக்க வாசிப்பாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், குரலும் நல்ல குரல். ஒரு பக்கம் புஸ்வாணம், மறுபக்கம் 'மாநிறத்துக்கு எந்தப் பச்சை?' என்று இலக்கியம் இப்படித்தான் சாத்தூர் ரோட்டில் பயணம் செய்தது. வாசிப்பு தொடங்கிய பிறகு சோலையம்மாளுக்கு வேனில் ஜன்னலோர இடம் நிரந்தரமாயிற்று. எழுத்தாளரின் தாயார் அல்லவா!

பட்டாசுக் கம்பெனியில் சேலைக்குச் சட்டம் உண்டு. பருத்தி மட்டும்தான் கட்டலாம். நைலான், பாலியெஸ்டர் உரசினால் பொறி கிளம்பும். பக்கத்தில் பட்டாசு மருந்து இருந்தால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கொலுசு, தீப்பெட்டி, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. சேலைக்கு மேல் வீட்டுக்காரர் கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டை. இவ்வளவையும் மாட்டிக்கொண்ட ஒருத்தியை அழகாகக் காட்டுவது எப்படி என்பதுதான் பானு எடுத்துக்கொண்ட பொருள். 'மேல்சட்டைக்கும் ஒரு நிறம் உண்டு' என்று ஒரு பதிவு எழுதினாள். அரக்குச் சேலைக்கு வெளிர்நீலச் சட்டை, பச்சைக்குச் சந்தன நிறம், கோடு போட்ட சட்டையோடு கட்டம் போட்ட சேலை கூடவே கூடாது.

மூன்று வாரத்தில் திருத்தங்கல் ஆண்களின் வெளிர்நீலச் சட்டைகள் கொடியிலிருந்து காணாமல் போயின. பானுவின் அப்பா சங்கிலிமுத்து, லாரியில் லோடு ஏற்றுகிறவர், பனியனோடு நின்று கத்தினார்.

"ஏட்டி, என் சட்டையக் காணோம்!"

"உங்க மக எழுதிருக்கா. வெளிர்நீலம் எனக்கு எடுப்பா இருக்குமாம்," என்றாள் சோலையம்மாள்.

"அப்ப எனக்கு எது எடுப்பா இருக்கும்னு எழுதலையா?"

"ஆம்பளைகளப் பத்தி அவ எழுதுறதில்ல. வாசிக்க ஆளிருக்காதுல்லா."

இந்தச் சட்டைப் புரட்சி எப்படியோ 'தென்கோடி முரசு' நாளிதழின் காதுக்குப் போயிற்று. அதில் வாராவாரம் 'உரைகல்' என்ற பத்தியை எழுதுகிறவர் லட்சுமிகாந்தம். விருதுநகரில் கமிஷன் மண்டி வைத்திருந்த வசதியான வீட்டுப் பிள்ளை. பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவதும் விளம்பரம் பிடித்துக்கொடுப்பதும் அவரே. சமூகத்தை விமர்சிக்கிற கையும் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்குகிற கையும் ஒரே உடம்பில் இருந்ததால், எந்தக் கையால் எதைத் தொடக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'வலையில் விழும் வனிதையர்' என்று தலைப்பிட்டு ஒரு வீச்சு வீசினார். ஆசிரியர் இல்லை, பொறுப்பு இல்லை, கேட்பார் இல்லை. கையில் கணினி கிடைத்த ஒரே தகுதியில் இவர்கள் பாமரப் பெண்களுக்கு உடை சொல்லித்தருகிறார்களாம். கணவன் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொள்ளும் இந்தக் கலாச்சாரம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கேட்டிருந்தார். சாத்தூர் ரோட்டுப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போடத் தொடங்கி முப்பது வருஷம் இருக்கும். அது உரைகல்லின் கண்ணில் பட்டிருக்க வேண்டுமானால் அவர் காலை ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும்.

திட்டியதில் ஒரு நன்மை நடந்தது. அதுவரை நாற்பத்து மூன்று பேர் வந்துபோன வலைப்பூவுக்கு ஒரே வாரத்தில் அறுநூறு பேர் வந்தார்கள், இதில் அப்படி என்னதான் கேடு இருக்கிறது என்று பார்க்க. இன்னொருவரும் வந்தார். உரைகல் பத்திக்குக் கீழேயே கால் பக்கத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்த கோகிலவாணி ஜவுளி மாளிகையின் உரிமையாளர் காளீஸ்வரன். தன் விளம்பரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், மேலே இருந்ததையும் வாசித்துவிட்டார். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு வந்தபோது, எழுதுகிறவள் யார் என்று விசாரித்துக்கொண்டு நேராக பானுவின் மேசைக்கே வந்தார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல சேலையப் பத்தி எழுதுற பிள்ள நீதானா?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் பானு, முதலாளி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

"பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சிருக்காக. பேப்பர்காரரே எடம் ஒதுக்கித் திட்டுறாருன்னா உன் பேச்ச நாலு பேரு கேக்குறாகன்னுதான் அர்த்தம்." பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசைமேல் விரித்தார். ஊதா நிறத்தில் வெள்ளைக் கட்டம். கண்ணை எடுக்க முடியவில்லை. "புதுசா வந்திருக்கு. மங்கை காட்டன்னு பேரு. வச்சுக்கோ."

"எம்புட்டு அண்ணாச்சி?"

"உன்கிட்டயா வாங்கப்போறேன்? புடிச்சிருந்தா நாலு வரி எழுது. புடிக்கலன்னா எழுதாத."

"சுத்தக் காட்டனா?"

"சுத்தத்துலயும் சுத்தம்."

பானு சேலையைக் கைக்குள் வைத்து இறுக்கிக் கசக்கினாள். விரித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு நல்ல காட்டனை அவள் பார்த்ததே இல்லை.

மறுநாள் 'ஆடிக்கு ஓர் ஊதாக் கட்டம்' என்ற பதிவு ஏறியது. 'விருதுநகர் கடைவீதியில் அலைந்து திரிந்து இந்தச் சேலையை எடுத்தேன்' என்று தொடங்கினாள். சேலைதான் திருத்தங்கல் வரை அலைந்து வந்து அவளை எடுத்தது. 'கசங்காத காட்டன், இஸ்திரி கேட்காத காட்டன், காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் பெண்களுக்காகவே நெய்த காட்டன்' என்று எழுதி முடித்தபோது அவளுக்கே புல்லரித்தது. அமெரிக்காவிலிருந்து அந்தப் பொறியாளர் மனைவி, கடை முகவரி கேட்டாள். கோயம்புத்தூர்க்காரர் மீ த பர்ஸ்ட்டு.

வேனில் ரோஜா அதை இரண்டு தடவை வாசித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பெண்கள் பஸ் பிடித்து விருதுநகர் போய், ஆடித் தள்ளுபடி கூட்டத்தில் முட்டி மோதி, ஆளுக்கொரு ஊதாக் கட்டத்தோடு திரும்பினார்கள். சோலையம்மாளும் ஒருத்தி. மகளிடம் இருந்த சேலையைக் கேட்டிருக்கலாம். ஆனால் நாலு பேரோடு போய்ச் சொந்தக் காசில் எடுப்பது வேறு மாதிரி.

வேலைக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. வருஷத்தில் ஒரு நாள் தவிர. தீபாவளிச் சீசனுக்கு வடநாட்டுக்குப் போகும் முதல் லோடு கிளம்பும் அன்று, லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அன்று பெண்கள் புதுச்சேலையில் வருவார்கள். பொங்கலைத் தின்றுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார்கள். பூசைக்காக வேலையை நிறுத்துகிற அளவுக்குக் கம்பெனிக்குப் பக்தி முற்றவில்லை.

அன்று வேனிலிருந்து பதினான்கு ஊதாக் கட்டங்கள் வரிசையாக இறங்கின. ரெக்சின் சீட்டிலிருந்து எழும்போது சேலைகள் சடசடவென்றன. ஆடிக்காற்று ஓய்ந்தும் ஓயாத நேரம். இறங்கியவர்களின் சேலை காலோடு ஒட்டிக்கொண்டு உதறினாலும் விடவில்லை. கேட்டில் நின்ற போர்மேன் அய்யாதுரை முதலில் சிரித்தார்.

"என்ன, பள்ளிக்கூடத்துல சேந்துட்டீகளா எல்லாரும்? யூனிபார்ம்ல வந்திருக்கீக?"

"எங்களப் பாத்துப் பொறாமைப்படாதீக அண்ணாச்சி. உங்க வீட்டு மதினிக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க," என்றாள் ரோஜா.

காலோடு ஒட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் அய்யாதுரையின் சிரிப்பு நின்றது. "எக்கா, இங்கன வாங்க," என்று சோலையம்மாளைக் கூப்பிட்டு, அவள் முந்தியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்தார். நாடு முழுக்கத் தீப்பெட்டி செய்து அனுப்பும் சீமையில், அந்தக் கேட்டுக்குள் மட்டும் ஒரு குச்சி கிடைக்காது. ரோட்டைத் தாண்டிச் சீனிச்சாமியின் டீக்கடைக்குப் போய், அங்கே குச்சியை உரசி நூலில் வைத்தார். இந்த வட்டாரத்தில் புதுச்சேலை எடுக்கிற எவளும் செய்கிற சோதனைதான் இது. பருத்தி நூல் காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும். இந்த நூல் சுருண்டது. கரும்புகை விட்டு, உருகி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுத்த உருண்டையாகி நின்றது.

சீனிச்சாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் வாளி எரியுற வாடையில்லா அடிக்குது."

அய்யாதுரை திரும்பி வந்தார். "எக்கா, இது என்ன சேல?"

"காட்டன்."

"யாரு சொன்னா?"

சோலையம்மாள் முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எம் மக எழுதிருக்கா."

"நூலக் கொளுத்திப் பாக்கலையா? இருவது வருஷமா வாரீக."

மேனேஜர் வந்தார், சத்தம் போட்டார். பதினான்கு பேரும் ஒரு வாரத்துக்குக் கேட்டை மிதிக்கக்கூடாது என்றார். சீசன் உச்சத்தில் ஒரு வாரக் கூலி. வேன் திரும்பக் கொண்டுபோய் விடாது. பொங்கல் வாசம் பின்னால் வர, பதினான்கு ஊதாக் கட்டமும் சாத்தூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நடந்தன. பஸ்ஸில் சோலையம்மாளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சாயங்காலம் பானு வீட்டுக்கு வந்தபோது சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு தாள்துண்டு, அதில் அந்தக் கறுத்த உருண்டை.

"என்னம்மா இது?"

"நீ எழுதுன காட்டன்."

நடந்ததை அம்மா நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பானு அந்த உருண்டையை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். "நீ எப்பவும் கொளுத்திப் பாப்பியேம்மா. இதுக்கு மட்டும் ஏன் பாக்கல?"

"நீ எழுதிருந்தேல்ல," என்றாள் சோலையம்மாள். "அந்தப் பிள்ளைகளும் கொளுத்தல. நானே பேசாம இருக்கேன்னுட்டு விட்டுட்டாளுக." அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கசங்காத காட்டன் எந்த ஊர்ல வெளையுது, அதையாவது எழுதேன்," என்றாள்.

சேலை சும்மா வந்தது என்பதை அப்போதும் பானு சொல்லவில்லை. வாய் வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது.

அந்த வாரம் பானுவைச் சுற்றி உலகமே பேசியது. செவ்வாய்க்கிழமை உரைகல்லின் தலைப்பு, 'ஆயிரம் உயிரோடு விளையாடிய வலைப்பூ'. பதினான்கு எப்படி ஆயிரமாயிற்று என்பது பத்திரிகைத் தொழில் ரகசியம். 'பொறுப்பற்ற பதிவரின் பொய்யை நம்பி' என்று மூன்று இடத்தில் இருந்தது. சேலையை விற்ற கடை 'ஒரு தனியார் நிறுவனம்' என்று ஒரே இடத்தில் வந்துவிட்டு வெட்கப்பட்டு மறைந்துகொண்டது. கட்டுரைக்கு நேர் கீழே, அரைப் பக்கத்துக்கு அந்தத் தனியார் நிறுவனம் வெட்கமில்லாமல் நின்றது: 'கோகிலவாணியின் மங்கை காட்டன்! நூறு சதவீதம் சுத்தப் பருத்தி! ஆடி போனாலும் தள்ளுபடி போகவில்லை!'

வலைப்பதிவர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சு ஊடகத்தின் ஆதிக்கத்தைக் கண்டித்து ஒருவர் ஏழு பகுதிகள் எழுதினார். இன்னொருவர் அந்த ஏழு பகுதிகளையும் கண்டித்தார். 'மனம் தளராதே தோழி' என்று துபாயிலிருந்து ஏழு பேரும் எழுதினார்கள். கருத்துச் சுதந்திரம், மாற்று ஊடகம், பெண் எழுத்து என்று நூற்றுப்பத்துப் பின்னூட்டங்கள். பதினான்கு பெண்களும் அந்த வாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒரு பின்னூட்டம்கூட இல்லை. அமெரிக்கக்காரி, எரிகிற சேலை தனக்குப் பரவாயில்லை, அங்கே பட்டாசுக் கம்பெனி கிடையாது, முகவரி மட்டும் வேண்டும் என்று மறுபடியும் கேட்டிருந்தாள்.

காளீஸ்வரன் அச்சகத்துக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்தப் பதிவ அழிச்சிரு. கம்ப்யூட்டர்லதான் அழிக்குறதுக்குப் பொத்தான் இருக்காமே? பேப்பர்லதான் அழிக்க முடியாது, ஆனா பேப்பரு நம்ம கையில இருக்கு. நான் பாத்துக்கிடுதேன்."

"அண்ணாச்சி, அது காட்டன் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பேருதாம்மா காட்டன். பேருக்குள்ள போயி ஆராய்ச்சி பண்ணா வியாபாரம் நடக்குமா?"

அழிக்கிற பொத்தான் இருக்கத்தான் செய்தது. ஞாயிறு மத்தியானம், சீசன் ஓட்டத்தில் அச்சகம் இரைந்துகொண்டிருக்க, பானு பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத்தினால் நாற்பத்து மூன்று பேரும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். புதிதாக வந்த அறுநூறு பேருக்கு அவ்வளவு நாள்கூட வேண்டாம். வேனில் ஏறும் முப்பது பேரிடம் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. நாளைக் காலை தடை முடிந்து பதினான்கு பேரும் ஏறுவார்கள். அம்மாவும் ஏறுவாள். எங்கே உட்காருவாள்?

பொத்தானை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். அரைமணி நேரத்தில் எழுதி, தாளில் அச்செடுத்தாள். பின்பக்கம் பார்த்தால் 'பூமாலை மத்தாப்பு' லேபிளில் மாம்பழ மஞ்சள் சேலைக்காரி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பானு அம்மாவோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போனாள். சோலையம்மாள் வேண்டாம் என்றாள், அப்புறம் விட்டுவிட்டாள். வேனில் எல்லோரும் ஏறியாயிற்று. ஜன்னலோர இடத்தில் ரோஜாவின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. சோலையம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பானு படியில் ஏறினாள். டிரைவர் கருப்பணன் திரும்பினார். "ஏம்மா, கம்பெனி ஆளுக மட்டுந்தான்."

"அஞ்சு நிமிசம் அண்ணே. வாசிச்சிட்டு எறங்கிருதேன்."

"வாசிக்கவா? போன தடவ வாசிச்சதுக்கே ஒரு வாரம் வண்டி பாதி காலியாப் போச்சு."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். பானு தாளைப் பிரித்தாள். அவளுக்கு ரோஜாவின் குரல் கிடையாது. பின் சீட்டு வரை கேட்கவேண்டுமே என்று கத்தியே வாசித்தாள்.

"ஊதாக் கட்டத்தைப் பற்றி நான் எழுதியதில் இரண்டு பொய் இருக்கிறது. அதை நான் அலைந்து திரிந்து எடுக்கவில்லை. கோகிலவாணிக் கடைக்காரர் எனக்குச் சும்மா கொடுத்தார். அது காட்டன் என்று நான் சோதிக்கவும் இல்லை. கசக்கிப் பார்த்தேன், கசங்கவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் சேலை அழகாக இருந்தது, சும்மாவும் வந்திருந்தது. இதனால் பதினான்கு பேர் ஒரு வாரம் வேலை இழந்தார்கள். உயிர் போகாமல் கூலியோடு போயிற்று என்றால் அது நான் செய்த எதனாலும் இல்லை. ஒருவர் ஒரு நூலை இழுத்துப் பார்த்தார், அதனால்."

அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"சும்மாவா வாங்குன?" என்றாள் ரோஜா.

"ஆமா."

"ஒனக்குச் சேலையச் சும்மா குடுத்தான். எங்கள ஒரு வாரம் சும்மா உக்கார வச்சான். நல்லாருக்குடி ஞாயம்."

பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "அலைஞ்சு திரிஞ்சு எடுத்தேன்னு எழுதிருந்தியே, கால் வலிச்சிருக்குமேன்னு நாங்கல்லாம் வருத்தப்பட்டோம்," என்றாள். இன்னொருத்தி, "அந்தப் பேப்பர்காரரு கடைப் பேரச் சொல்லவே இல்ல. இவளாவது சொல்லிட்டா," என்றாள். "சொல்லி? போன கூலி திரும்ப வருமா?" என்றாள் முதலாமவள். ஐந்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து பானுவைக் கிழித்தார்கள். உரைகல் இரண்டு தடவை கிழித்ததைவிட இது நல்ல கிழி. ஒவ்வொருத்திக்கும் சொல்ல ஒரு காரணம் இருந்தது, விளம்பரம் இல்லை. பானு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

கருப்பணன் ஹாரன் அடித்தார்.

"இந்தா பாரு பானு," என்று ரோஜா முடித்தாள். "இனிமே நீ எழுதுறது எதையும் நாங்க நம்புறதா இல்ல."

"சரி."

"என்ன சரி? எழுதாதன்னா சொன்னேன்? எழுது. நம்ப மாட்டோம்னுதான் சொல்லுதேன். எந்தச் சேலையப் பத்தி எழுதுறியோ அந்தச் சேலை நூலு ஒரு சாண் தாள்ல ஒட்டி அனுப்பு. நாங்க கொளுத்திப் பாத்துக்கிடுதோம்."

பானு இறங்கினாள். வேன் நகரும்போது எட்டிப் பார்த்தாள். ரோஜாவின் சாப்பாட்டுப் பை மடிக்கு மாறியிருந்தது. ஜன்னலோரத்தில் சோலையம்மாள் உட்கார்ந்து, மகளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து 'கட்டம் போட்ட சேலை' தமிழ் வலைப்பூக்களிலேயே நூல் தொங்கும் ஒரே வலைப்பூவாயிற்று. துபாய்க்காரர்களுக்குப் படம்தான், வேனுக்கு மட்டும் அசல் நூல். அச்சகத்துப் பசையால் தாளின் ஓரத்தில் ஒட்டி வரும். நூல் வந்த நாளெல்லாம் பூசை மாதிரி கேட்டுக்கு எதிரே சீனிச்சாமி கடையில் ஒரு குச்சி உரசல். சீனிச்சாமி இதற்கென்றே ஒரு உடைந்த சாஸரை ஒதுக்கினார். ஒன்றரை மாதத்தில் இருபத்தாறு 'சுத்தப் பருத்தி' எரிக்கப்பட்டதில் ஒன்பது உருண்டையாயிற்று. ஒன்பது கடைகளின் பெயரையும் பானு எழுதினாள். அதன்பிறகு யாரும் அவளுக்குச் சும்மா சேலை கொடுக்கவில்லை, சுகமாக இருந்தது. அறுநூறு பேரும் வேறு சண்டையைத் தேடிப் போய்விட, வாசகர் எண்ணிக்கை ஐம்பத்தொன்றில் நின்றது. கோயம்புத்தூர்க்காரர் போகவில்லை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் 'தென்கோடி முரசு' பளபளவென்று ஒரு மகளிர் மலர் வெளியிட்டது. நடுப்பக்கத்தில் 'காட்டனா, கலப்படமா? கண்டுபிடிக்க எளிய வழி!' எழுதியவர் லட்சுமிகாந்தம், புகைப்படத்தோடு. புகைப்படத்தில் அவர் போட்டிருந்த சட்டை பளபளவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. கட்டுரை, நூல் கொளுத்துவது பற்றிய பானுவின் பதிவேதான், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. 'வலைப்பூ' என்று வந்த இடங்களில் 'உரைகல்' என்று மாற்றியிருந்தார். ஒன்பது கடைகளின் பெயரைக் கண்ணும் கருத்துமாக எடுத்துவிட்டிருந்தார். மற்றதையெல்லாம் வாசிக்க நேரமில்லை போலும். 'இருபது வருஷமாகச் சரம் பின்னும் என் அம்மா எந்தச் சேலையையும் நூல் கொளுத்திப் பார்த்த பிறகே கட்டுவாள்' என்ற வரி அப்படியே இருந்தது. மண்டி வீட்டம்மா சரம் பின்னிய சேதி விருதுநகருக்கே அன்றுதான் தெரியும்.

வலைப்பதிவர்கள் மறுபடியும் ஏழு பகுதிகளுக்குத் தயாரானார்கள். பானு அந்த மலரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் வரை அவளுக்கு வேலை ஓடவில்லை. லேபிள் பெண் ஒருத்திக்கு இரண்டு முந்தி போட்டுவிட்டாள்.

சோலையம்மாள் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். வெளிர்நீலம்.

"வாசிச்சீகளா?" என்றாள் பானு.

"ரோஜா வாசிச்சா. நாலு வரி தாண்டல, 'இது நம்ம பானு எழுத்துல்லா'ன்னுட்டாளுக. சரம் பின்னுற எடம் வந்ததும் பூரா வண்டியும் சிரிப்பு. கருப்பணன் வண்டிய ஓரங்கட்டிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நூலு எங்கன்னு தேடுனாளுக. முன்னப் பாத்தா, பின்னப் பாத்தா, எங்கயும் ஒட்டல. நூலு இல்லாம எழுதுனத யாரு கேப்பா? ரோஜா மடிச்சு வச்சுக்கிட்டா. வழவழன்னு தாளு, முறுக்குப் பொட்டலத்துக்கு ஆகும்."

பானு சிரிக்கலாமா என்று யோசித்தாள். "அப்ப என்னைய நம்புறாகளா?"

"உன்னைய எங்க நம்புறாக? நூலத்தான்." சோலையம்மாள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "தீவாளிக்கு என்ன எடுக்கலாம்னு கேட்டாளுக. வியாழக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். நூலு ஒரு சாண் பத்தாது, ரெண்டு சாணா ஒட்டு. போன தடவ காத்துல அணைஞ்சிருச்சு," என்றாள்.